கேம் இசைக்குத் தொண்டைப் பாட்டும் நாட்டு வாத்தியமும்: தொகுப்பு வாங்குவதா, ஆள் வைப்பதா, மதுரையிலேயே பதிவதா?

மாயக் காடு, மலைக்கோட்டை, எல்லைச் சாமி என்று ஒரு கற்பனை உலகத்தை வைத்து கேம் செய்கிறவர்கள், இசைக்கு வரும்போது ஒரே இடத்தில் முட்டி நிற்கிறார்கள். ரஷ்யாவுக்குள் இருக்கும் துவா, மங்கோலியா பக்கம் பாடுகிற, ஒரே குரலில் இரண்டு சுருதி எழுப்பும் தொண்டைப் பாட்டின் உறுமல் வேண்டும். கையால் செய்த தோல், மூங்கில், மண் வாத்தியங்களும் வேண்டும். கையில் இருப்பதோ ஒரு லேப்டாப், ஒரு மைக், கொஞ்சம் காசு. ரெடிமேட் ஒலித் தொகுப்பு வாங்கலாமா? அந்த நாட்டுப் பாடகரிடமே ஆன்லைனில் பாடி வாங்கலாமா? தானே பழகிப் பாடலாமா? இல்லை, மதுரை வட்டாரக் கலைஞர்களை வைத்தே முடித்துவிடலாமா? நான்குக்கும் இடம் உண்டு. ஆனால் எதைத் தேர்ந்தாலும் சுருதிக் கணக்கு தெரியாமல் இறங்கினால் காசு போய்விடும். அதனால் அதிலிருந்தே தொடங்கலாம்.

## சுருதிக் கணக்கு

தொண்டைப் பாட்டு என்பது ஒரே பாணி அல்ல. துவாவில் கர்கிரா, சிகித், கூமெய் என்று பிரிப்பார்கள். மங்கோலியாவில் மொத்தத்துக்கும் கூமீ என்று பெயர். அது 2010-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

கேமில் பெரும்பாலோர் கேட்கிற அடிவயிற்று உறுமல் கர்கிரா. குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்கள் பாதி வேகத்தில் சேர்ந்து அதிர்வதால், பாடுகிற சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே கேட்கும். ஒரு கட்டையில், அதாவது 130.8 ஹெர்ட்ஸில் பாடினால் காதில் விழுவது 65.4 ஹெர்ட்ஸ். சிகித் வேறு. அடிக்குரலை அசையாமல் பிடித்துக்கொண்டு, நாக்கால் வாயறையை மாற்றி மாற்றி, மேற்சுரங்களை, அதாவது அடிக்குரலின் அதிர்வு மடங்குகளில் கூடவே எழும் மெல்லிய சுரங்களை, விசில் மாதிரி எடுப்பது.

அந்த விசில் நினைத்த சுரத்துக்குப் போகாது. அடிக்குரலின் 6, 8, 9, 10, 12 மடங்குகளில்தான் மெட்டு நடக்கும். 8 ஸ என்றால் 9 ரி, 10 க, 12 ப. மோகனத்தில் தைவதத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது இதுதான். 7-வதும் 11-வதும் கீபோர்டோடு ஒட்டாது: 7-வது கைசிகி நிஷாதத்தைவிட 31 சென்ட் (ஓர் அரைச்சுரத்துக்கு 100 சென்ட்) கீழே, 11-வது இரண்டு மத்தியமங்களுக்கும் நடுவே. 10-வதுகூட கீபோர்டின் அந்தர காந்தாரத்தைவிட 14 சென்ட் குறைவு. அதனால் அதே சுரத்தைக் கீபோர்டில் நீட்டிப் பிடித்தால் உரசும்.

சோகமான தீம் ஒன்றை நடபைரவியில் போட்டுவிட்டு அதன் மேல் சிகித்தை ஒட்டினால், சிகித்தின் அந்தர காந்தாரம் ராகத்தின் சாதாரண காந்தாரத்தோடு மோதும். இதற்காக மெட்டை மாற்ற வேண்டாம். பாடகரை ஷட்ஜத்துக்குப் பதில் சாதாரண காந்தாரத்தில் அடிக்குரலைப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்போது எழும் மேற்சுரங்கள் க, ம, ப, நி என்று ராகத்துக்குள்ளேயே விழும்.

## எதை வைத்து எடை போடுவது

சுருதியில் வளையுமா? சுருதி பிறகும் மாற்றலாமா, பதிந்ததோடு பூட்டிக்கொள்ளுமா.

அடுக்காகப் பிரியுமா? கேம் இசை ஒரே பாட்டாக ஓடாது. சுற்றித் திரிகையில் ஓர் அடுக்கு, ஆபத்து நெருங்கும்போது இன்னொன்று, சண்டையில் மூன்றாவது. மூன்றும் ஒரே வேகம், ஒரே நீளம். நிமிடத்துக்கு 96 அடி வேகத்தில் நாலு அடித் தாளம் 16 சுற்று என்றால் 40 நொடி. அந்த 40 நொடி சுற்றிச் சுற்றி வரவேண்டும். ஆகவே குரலும் தோலும் கொம்பும் தனித்தனிக் கோப்பாகக் கிடைக்க வேண்டும்.

திரும்ப எடுக்கலாமா? இதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. கேமின் மூன்றாம் கட்டம் முழுக்க மாறிவிடும். புதிதாக 20 நொடி உறுமல் தேவைப்படும். அன்றைக்கு அதே குரல், அதே தோல், அதே அறை கிடைக்குமா?

உரிமை யாரிடம்? விற்கும் தளமும், கேமை விளையாடி வீடியோ போடுகிறவர்களும் பின்னால் சிக்காமல் இருக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு. விலைப்பட்டியலில் இல்லாத காசும் நேரமும்.

## வழி 1: ரெடிமேட் ஒலித் தொகுப்பு

கீபோர்டில் அழுத்தினால் கர்கிரா வரும். மாதிரிக் காட்சி நாளைக்கே காட்ட வேண்டும் என்றால் இதைவிட வேகமான வழி கிடையாது. தொண்டைப் பாட்டு முழு கேமிலும் இரண்டு மூன்று இடங்களில், பின்னணியில் மட்டும் வருகிறது என்றாலும் இதுவே போதும்.

குறைகள் இரண்டு. ஒன்று ஒலி: பாடிப் பதிந்த சுருதியிலிருந்து இரண்டு அரைச்சுரத்துக்கு மேல் ஏற்றி இறக்கினால் வாயறையின் அளவே மாறியதுபோல் கேட்கும். கீழே இறக்கினால் ராட்சத பொம்மை, மேலே ஏற்றினால் எலி. ஆகவே வாங்கும்முன் எந்தெந்த அடிச்சுருதியில் உண்மையாகப் பாடிப் பதிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டாவது, தொகுப்பில் வரும் ஆயத்த மெட்டுத் துண்டுகள் உலகம் முழுக்க விற்றவை. அதே துண்டை வைத்து இன்னொருவர் தன் பாட்டை யூடியூபின் உரிமை கண்டறியும் முறையில் பதிந்திருந்தால், உங்கள் கேமை விளையாடிக் காட்டுகிறவரின் வீடியோவுக்கு உரிமைக் கோரல் வந்து நிற்கும். மெட்டுத் துண்டுகளைத் தொடாமல் நீண்ட ஒற்றை உறுமல்களை மட்டும் எடுத்து நீங்களே கோத்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

உரிமப் பத்திரத்தில் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். பல தொகுப்புகள் ஒலியை இசைக்குள் கலந்து பயன்படுத்த அனுமதிக்கும், தனியாக வெளியே கொடுப்பதைத் தடுக்கும். அடுக்கு முறையில் குரல் தனிக் கோப்பாகவே கேமுக்குள் போகிறது. சந்தேகம் இருந்தால் விற்றவருக்கு எழுதிக் கேட்டு, பதிலைச் சேமித்துவையுங்கள்.

மறைசெலவு: சில தொகுப்புகளுக்கு, அவற்றை இயக்கும் கான்டாக்ட் என்ற மென்பொருளின் முழுப் பதிப்பு வேண்டும். இலவச பிளேயரில் போட்டால் 15 நிமிடத்தில் நின்றுவிடும்.

## வழி 2: துவா அல்லது மங்கோலியப் பாடகரிடம் ஆன்லைனில்

சிகித் விசில் கேமின் முகமாக இருக்கப் போகிறதென்றால், அந்த மெட்டைக் கேட்டே ஆள் கேமை அடையாளம் காண வேண்டுமென்றால், இந்த வழிதான். வேறு எதுவும் பக்கத்தில் வராது. ஊரில் ஆடு மாடு மேய்த்த வெளியில் வளர்ந்த குரலை மூன்று மாதப் பயிற்சியில் எட்ட முடியாது.

உலான்பாத்தர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துவாவின் கிசில் ஒன்றரை மணி நேரம் முன்னால். நேரப் பொருத்தம் நல்லதுதான். பணம் அனுப்புவதுதான் சிக்கல்: விசாவும் மாஸ்டர்கார்டும் 2022 மார்ச்சில் ரஷ்யாவில் செயல்பாட்டை நிறுத்திக்கொண்டன, துவா ரஷ்யாவுக்குள் இருக்கிறது. மங்கோலியாவுக்கு அந்தத் தடங்கல் இல்லை. எங்கே அனுப்பினாலும் வரிப் பிடித்தம், ஜிஎஸ்டி உண்டா என்று முன்கூட்டியே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

"நன்றாகப் பாடி அனுப்புங்கள்" என்று எழுதினால் அவர் ஒரு முழுப் பாட்டைப் பாடி, எதிரொலி போட்டு அனுப்புவார். அதை அடுக்காகப் பிரிக்க முடியாது. கேட்க வேண்டியது இப்படி:

- 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ வேவ் கோப்பு. எதிரொலி, அமுக்கம் (கம்ப்ரஷன்), சுருதித் திருத்தம் எதுவும் வேண்டாம்.
- உங்கள் சுருதியில் 30 நொடித் தம்புரா ஒலியை அனுப்பி, ஹெட்போனில் கேட்டபடி பாடச் சொல்லுங்கள்.
- கர்கிராவில் ஒரே சுரம், ஒவ்வொன்றும் 15 நொடி, மெதுவாக, நடுத்தரமாக, உரக்க. ஒவ்வொன்றும் நாலு தடவை.
- சிகித் மெட்டுகளைச் சுரமாக எழுதாமல் 8-9-10-12 என்று மேற்சுர எண்ணாக எழுதுங்கள்.
- மூச்சு எடுக்கும் சத்தத்தை வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். சுற்று ஒட்டும் இடத்தை அதுதான் மறைக்கும்.

சுருதித் திருத்த மென்பொருளை இந்தக் கோப்புகளின் மேல் ஓட்டாதீர்கள். ஒரு குரலுக்குள் இரண்டு சுருதி இருப்பதால் எதைத் திருத்துவதென்று அது தடுமாறி, விசிலைச் சிதைத்துவிடும்.

## வழி 3: தானே பழகுவது

இதில் நம்பிக்கையான பகுதி கர்கிராவும் எளிய மேற்சுரப் பாட்டும். சிகித் அல்ல. மேற்சுரத்தை முதன்முதலாகக் காதில் வாங்கத் தமிழ் நாக்குக்கு வசதி உண்டு: 'ழ' சொல்கிற இடத்துக்கு நாக்கு நுனியை மடித்துக்கொண்டு, ஒரே சுருதியில் ஊ, ஓ, ஆ, ஏ, ஈ என்று உதட்டை மிக மெதுவாக நகர்த்துங்கள். குளியலறை மாதிரி எதிரொலிக்கும் இடத்தில், குரலுக்கு மேலே மெல்லிய விசில் படிப்படியாக ஏறுவது கேட்கும். போனில் அலைவரிசை காட்டும் செயலியைத் திறந்துவைத்தால் கண்ணாலும் பார்க்கலாம்.

கர்கிராவுக்கு, தொண்டையைக் கனைப்பதற்கு முந்தைய அந்தத் தளர்ந்த இறுக்கத்தை மெல்லிய குரலில் பிடிக்க வேண்டும். உரக்கக் கத்திப் பிடிக்க முடியாது. நாளுக்கு ஐந்து பத்து நிமிடம் போதும். அரிப்போ இருமலோ வந்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். வலித்தால், மறுநாளும் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்த பிறகே மீண்டும். நிலையான உறுமல் வர மாதக்கணக்கில் ஆகும். இதன் மறைசெலவு அந்த மாதங்கள்தான்.

பலன் என்னவென்றால், கேம் எத்தனை தடவை மாறினாலும் பாடகர் வீட்டிலேயே இருக்கிறார். பூதத்தின் மூச்சு, கதவு திறக்கும் உறுமல், கல் பேசும் குரல் போன்ற சத்த வேலைகளுக்கு இது மிக நல்ல வழி.

கம்பி வாத்தியத்தையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடலாம். மங்கோலியாவின் குதிரைத்தலை வாத்தியமான மோரின் கூரின் மூச்சு கலந்த தொனிக்குக் காரணம், அதன் தந்தி ஒற்றைக் கம்பி அல்ல, முறுக்காத இழைக் கற்றை. மரபில் குதிரைமுடி, இன்று பலவற்றில் நைலான். இந்தச் சூத்திரத்தைச் சித்திரைத் திருவிழாவில் விற்கும் கொட்டாங்கச்சி வயலினுக்குக் கொண்டுவர முடியும். பெரிய சிரட்டை ஒன்றை வாய் சமமாக அறுத்துத் தேய்த்து, இரவு முழுக்க நீரில் ஊறிய மெல்லிய ஆட்டுத்தோலை இழுத்து ஒட்டி, நூலால் இறுக்கிக் கட்டி, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். மதுரை வெயிலில் வைத்தால் ஓரம் கிழியும். இரண்டடி மூங்கிலைக் குறுக்கே செருகி, மெல்லிய தூண்டில் நரம்பு இழைகளை முறுக்காமல் கற்றையாகக் கட்டுங்கள். வில்லுக்கும் அதே நரம்பு. குங்கிலியம் பூசாவிட்டால் வழுக்கும், சத்தமே வராது. தோலுக்கும் தந்திக்கும் நடுவே வைக்கும் குதிரை கனமாக இருந்தால் ஒலி மந்தமாகும். சின்ன மூங்கில் சில்லே போதும்.

தோல் வாங்கும்போது கவனம். பழைய கஞ்சிராக்களில் உடும்புத் தோல் இருக்கும். உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் (1972) காக்கப்பட்ட உயிர். அந்தத் தோலை வாங்குவதும் விற்பதும் குற்றம். ஆட்டுத்தோல் கஞ்சிரா என்று கேட்டே வாங்குங்கள்.

## வழி 4: மதுரை வட்டாரக் கலைஞர்கள்

தொண்டைப் பாட்டு இங்கே கிடையாது. ஆனால் அதன் உறவுக்காரர்கள் கிடைக்கிறார்கள். மோர்சிங் அதே விதியில் இயங்குவது: உலோக நாக்கு ஒரே சுருதியில் அதிர, வாயறை மேற்சுரத்தைத் தேர்ந்தெடுக்கிறது. துவாவின் கோமுஸும் இதே குடும்பம். கொம்பும் அப்படித்தான். விரல் துளை இல்லாத பித்தளைக் குழாய், மேற்சுர வரிசையில் மட்டுமே ஊதும். கொம்பு, மோர்சிங், சிகித் மூன்றுக்கும் அடிச்சுருதி ஒன்றாக அமைந்துவிட்டால் அவை தாமாகவே இழையும், கீபோர்டுக்குக் கேட்கிற உரசல் இருக்காது. உறுமியின் வளைந்த குச்சி தோலில் தேய்ந்து எழுப்பும் முனகல், கர்கிரா இறங்கும் இடத்தில் அதைத் தாங்கிக்கொள்ளும். பலரும் தொண்டைப் பாட்டு வேண்டும் என்று தேடுவது உண்மையில் இந்த முனகலைத்தான்.

கடத்துக்கு மானாமதுரை பக்கத்திலேயே, சுமார் 50 கிலோமீட்டர். சூளையில் வெந்த பிறகு கடத்தின் சுருதி அநேகமாகப் பூட்டிக்கொள்ளும். அதனால் டியூனர் செயலியோடு போய், கழுத்திலும் வயிற்றிலும் தட்டிப் பார்த்து, உங்கள் சுருதிக்கு நெருங்கியதை எடுங்கள். மோர்சிங்கை மட்டும் நாக்கு முனையில் துளி மெழுகு ஒட்டிச் சற்று இறக்கலாம். ஏற்ற அரத்தால் தேய்க்க வேண்டும், அது கெடுக்கும் வேலை.

பறையைப் பதிவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. தோல் பறையைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றுகிறார்கள். ஆற ஆற இறங்கும். முதல் டேக்கும் ஐந்தாவது டேக்கும் ஒட்டாமல் போவது இதனால்தான். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ஓர் ஒற்றை அடியைப் பதிந்து டியூனரில் பாருங்கள். இறங்கியிருந்தால் மீண்டும் காய்ச்ச நேரம் கொடுங்கள். ஃபைபர் பறைக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அடியின் சதைப்பற்று குறையும். மைக்கை ஐந்தாறு அடி தள்ளி, தோலுக்கு நேராக அல்லாமல் சாய்வாக வையுங்கள். கிட்டே வைத்தால் கண்டென்சர் மைக் சத்தம் தாங்காமல் கரகரத்த ஒலியையே தரும். பறையின் இரண்டு குச்சிகளான சிண்டுக்குச்சியின் அடி, அடிக்குச்சியின் அடி இரண்டையும் தனித்தனியாக, மெல்ல, நடுத்தரம், ஓங்கி என்று பலமுறை எடுத்துவைத்தால் பின்னால் எந்தக் கட்டத்துக்கும் கோக்கலாம்.

மெட்ரோநோம் (ஒரே வேகத்தில் தட்டிக்கொண்டிருக்கும் தாளக் கருவி) காதில் ஓட வாசிக்கப் பெரும்பாலான கலைஞர்களுக்குப் பழக்கமில்லை. ஆட்டம் சூடேற வேகமும் ஏறுவதுதான் அந்தக் கலையின் இயல்பு. ஜால்ரா போடுகிறவருக்கு மட்டும் ஹெட்போன் கொடுத்து, மற்றவர்கள் அவரைப் பார்த்து வாசிக்கட்டும். சண்டை அடுக்குக்கு வேகம் ஏறுவதே வேண்டுமென்றால் விட்டுவிட்டு, மென்பொருளில் அதற்கேற்ப வேக வரைபடம் போடுங்கள்.

மறைசெலவுகள் இங்கேதான் அதிகம். உறுமி, பம்பை, தவில், கொம்பு எல்லாம் செட்டாகத்தான் வருவார்கள்; ஒருவரை மட்டும் கூப்பிட்டால் பெரும்பாலும் வரமாட்டார். வண்டி, சாப்பாடு, முன்பணம் சேரும். தை முதல் ஆடி வரை திருவிழாக் காலம், தேதி கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் ஆள் கிடைப்பார்கள், தோல் ஈரத்தில் தொய்ந்துவிடும். மழை ஓய்ந்த மார்கழியின் பகல் பொழுதுதான் இரண்டுக்கும் தோது. காலையில் கோவில் ஒலிபெருக்கி ஓய்ந்த பிறகு தொடங்குங்கள். சின்ன ஸ்டுடியோ அறை பறைக்குத் தாங்காது. ஊருக்கு வெளியே தென்னந்தோப்பு சுத்தமான ஒலி தரும். கல் மண்டபத்தின் எதிரொலி வேண்டுமானால் செட்டை அங்கே கூட்டிப்போக வேண்டியதில்லை: அனுமதி வாங்கி, ஒரு பலூனை உடைத்து, அதன் ஒலி அடங்கும் வரை பதிந்து வந்தால், அதையே, ஓர் இடத்தின் எதிரொலியை வேறு ஒலியின் மேல் ஏற்றும் கன்வல்யூஷன் எதிரொலிக் கருவியில் போட்டுக்கொள்ளலாம். மண்டபம் தொல்லியல் துறை வசமிருந்தால் வாய்ச்சொல் அனுமதி போதாது.

சாமி இறங்குவதற்கென்று வாசிக்கும் அடிகள் உண்டு. அவற்றைக் கேமில் வைக்கலாமா என்று கலைஞரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பறையை அரக்கர் கூட்டத்துக்கும் கர்கிராவைப் பேய்க்கும் மட்டும் ஒதுக்குவது அந்த வாத்தியத்தையும் குரலையும் வாழவைத்த மக்களை இழிவுபடுத்துவதாக முடியும். பறைக்கு நேர்ந்த சாதி இழிவைத் துடைக்க எத்தனையோ கலைஞர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். நாயகன் ஊர் திரும்பும் இடத்தில் பறை ஒலிக்கட்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | தொகுப்பு | வெளிநாட்டுப் பாடகர் | தானே பாடுவது | மதுரைக் கலைஞர்கள் |
|---|---|---|---|---|
| சுருதி | இரண்டு அரைச்சுரம் வரை வளையும் | பாடுமுன் சொன்னால் சரியாக வரும் | உங்கள் குரல் எல்லைக்குள் | கொம்பு, கடம் வளையாது |
| அடுக்கு | எளிது | கேட்டு வாங்கினால் எளிது | எளிது | தனித்தனியாக எடுத்தால் மட்டும் |
| திரும்ப எடுப்பது | எப்போதும் | புதுக் கட்டணம் | எப்போதும் | பருவம் பார்த்து |
| உரிமை | உரிம வரிகளைப் பொறுத்து | ஒப்பந்தம் | உங்களுடையது | ஒப்பந்தம் |
| மறைசெலவு | மென்பொருள், உரிமைக் கோரல் | பணம் அனுப்புதல், வரி | மாதங்கள், தொண்டை | செட், வண்டி, காத்திருப்பு |
| எதற்குச் சிறந்தது | மாதிரிக் காட்சி | சிகித் மெட்டு | உறுமல், சத்த வேலை | தாளம், கொம்பு, மண்ணின் நிறம் |

## சேர்த்து எடுப்பதானால்

சின்னக் குழுவுக்கு எங்கள் பரிந்துரை: தாளத்தையும் கொம்பையும் இங்கே பதியுங்கள், உறுமலை நீங்களே பாடுங்கள், மிச்சம் உள்ள காசை முழுக்க ஒரு மங்கோலியப் பாடகரின் சிகித்துக்குக் கொடுங்கள். தொகுப்பை மாதிரிக் கட்டத்தோடு நிறுத்திவிடலாம்.

பதிவு வரிசை முக்கியம். வளையாதது முதலில். கொம்பைப் பதிந்து அதன் அடிச்சுருதியை அளந்து, அதையே கேமின் ஷட்ஜம் ஆக்குங்கள், இரண்டு கட்டைக்கு 20 சென்ட் கீழே நின்றாலும் பரவாயில்லை. அதற்கேற்பக் கடமும் மோர்சிங்கும், பிறகு குரல், பிறகு சிரட்டை வாத்தியம், கடைசியில் கீபோர்டு. கீபோர்டை ஒரு சொடுக்கில் 20 சென்ட் இறக்கலாம், கொம்பை முடியாது. கீபோர்டில் முழு இசையையும் போட்டு முடித்துவிட்டுக் கலைஞரைக் கூப்பிடுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

போனில் விளையாடுவோருக்கு 65 ஹெர்ட்ஸ் அடிக்குரல் கேட்கவே கேட்காது, அந்தச் சின்ன ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. 300 முதல் 1500 ஹெர்ட்ஸ் வரையுள்ள மேற்சுரங்களைச் சற்றுத் தூக்கிவிட்டால் உறுமலைக் காது தானே கீழே இட்டு நிரப்பிக்கொள்ளும். சுற்றும் கோப்புகளை எம்பி3-யில் வைக்காதீர்கள். முன்னும் பின்னும் சிறு மௌனம் சேர்ந்து, ஒவ்வொரு 40 நொடிக்கும் தாளம் தடுக்கும். ஓக் அல்லது வேவ் போதும்.

ஒப்பந்தத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதினால் போதும், ஆனால் இரண்டு வரி விடுபடக் கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். நிகழ்த்துநரின் உரிமைக்கும் இது பொருந்தும். உலகம் முழுக்க விற்கப் போகிற கேமுக்கு 'உலகம் முழுவதும்', 'இத்தனை ஆண்டுகள்' என்று எழுதியாக வேண்டும். அதே தாளில், நன்றிப் பட்டியலில் தன் பெயரும் ஊரும் எப்படி வர வேண்டும் என்று கலைஞரே தன் கையால் எழுதிக் கொடுக்கட்டும். பதிவின் ஒரு பிரதியைப் பென்டிரைவில் போட்டு அன்றைக்கே அவரிடம் கொடுத்துவிடுங்கள்.